பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த மேனேஜர்

தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் சம்மதிக்காமல் சூரியன்கூட அஸ்தமித்ததில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் அவர் மேற்கே மலையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ம், சரியாத்தான் இறங்குதான்" என்று தலையாட்டுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் டைம் கீப்பர்தான். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த ஆள். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு விசில் ஊதுவார். ஊதிய பிறகும் வண்டி நின்றால் டிரைவரின் பாட்டன் பூட்டன் வரை விசாரிப்பார். ஊதும் முன்பே நகர்ந்தாலும் அதே விசாரணைதான். செல்போனில் மணி பார்க்கிறவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. "அது கம்பெனிக்காரன் டைம்லே. சார்ஜ் போனா டைமும் சேந்து போயிரும்" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் எங்கள் கால்பந்து அணிக்கு மேனேஜராக வந்தார். அதுவும் சீசன் முடிய நாலே நாலு மேட்ச் பாக்கி இருக்கும்போது.

எங்கள் கிளப்பின் பெயர் இளஞ்சாரல் கால்பந்துக் கழகம். மாவட்ட லீக்கில் முதல் டிவிஷன். நான் கோல் கீப்பர். அந்த வருஷம் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தோம். ஆட்டம் மோசம் என்று யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் பாதி மேட்சுக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. மேட்ச் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து கால் மணிக்குள் ஏழு பேராவது மைதானத்தில் நிற்காவிட்டால், எதிரணி ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். வாக்ஓவர். அப்படி மூன்று மேட்ச் போயிருந்தது. மூன்றுக்கும் காரணம் குற்றாலம்தான். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்த பிறகு அதைத் தாண்டிப் போக எங்கள் ஊர்க்காரனுக்குக் கால் வராது. "தலையை மட்டும் காட்டிட்டுப் போயிருவோம்" என்று வேனை நிறுத்துவோம். தலை மட்டும் எங்கே காட்டினோம்!

அப்போது எங்களுக்கு இருந்த கோச் படித்தவர், முறையாக லைசென்ஸ் வாங்கியவர். போர்டில் அம்புக்குறி போட்டு நாலு-மூணு-மூணு என்று விளக்குவார். மூன்றாவது வாக்ஓவர் அன்றைக்கு அருவியிலிருந்து கடைசியாக வெளியே வந்ததே அவர்தான். தலையைத் துவட்டிக்கொண்டே, "அடுத்த மேட்சுக்கு ஃபார்மேஷனை மாத்துறோம்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் எங்கள் தலைவர், தோப்பு அண்ணாச்சி. நாங்கள் விளையாடிய மைதானம் அவருடைய நிலம். முதல் டிவிஷனில் இருக்கும்வரைதான் மைதானம், கீழே இறங்கினால் தென்னை வைத்துவிடுவேன் என்று வருஷம் தவறாமல் சொல்லுவார். அந்த வருஷம் சொன்னதோடு நிற்கவில்லை. தென்னங்கன்றுகளைக் கொண்டுவந்து என் கோலுக்குப் பின்னால் வரிசையாக இறக்கிவிட்டார். எங்களுக்கோ அதை விட்டால் வேறு இடம் கிடையாது. பள்ளிக்கூட கிரவுண்டைக் காம்பவுண்டு கட்டிப் பூட்டி ரொம்ப நாளாயிற்று. மைதானம் போனால் கிளப்பும் போச்சு.

"கோச்சு வேண்டாம்லே. உங்களுக்குத் தேவை டைம் கீப்பர்" என்றார் தோப்பு அண்ணாச்சி.

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு முன்கதை உண்டு. ஒரு தடவை கடையம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பஸ் அவர் மருமகனுடையது. கையை ஆட்டினார், சத்தம் போட்டார். டைம் கீப்பர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்டார்.

"ஏன்வே, எம் மருமவன் வண்டிவே அது!"

"வண்டி உங்க மருமவனோடதுதான் அண்ணாச்சி. டைம் ஊரோடதுல்லா."

அன்றைக்குக் கோபத்தில் ஒரு வாரம் கடையம் பக்கமே போகாத அண்ணாச்சி, இப்போது அதே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். டைம் கீப்பர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கால்பந்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யார் யாருக்கு எந்த ஊர் என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அவரவர் ஊர்தான் அவரவர் பெயர். எங்கள் ஸ்ட்ரைக்கர் புளியறை, லெஃப்ட் விங் வடகரை. கோல் கீப்பர் என்பதால் எனக்கு மட்டும் கோலி.

முதல் மேட்ச் கடையத்தில். வேன் இரண்டு பத்துக்குக் கிளம்பும் என்றார். நாங்கள் வழக்கம்போல இரண்டு பத்து என்றால் இரண்டே முக்கால் என்று எடுத்துக்கொண்டோம். வேன் இரண்டு பத்துக்கே போய்விட்டது. உள்ளே ஏழு பேர். கோலி இல்லாமலேயே போன முதல் கால்பந்து அணி அதுவாகத்தான் இருக்கும். நான் கையில் கையுறையோடு ஆட்டோ பிடித்துத் துரத்திக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மைதானத்தில் எதிரணியைக் காணவில்லை. நாங்கள் எப்படியும் தாமதமாகத்தான் வருவோம் என்று நம்பி அவர்கள் நிதானமாக பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கால் மணி முடிந்ததும் டைம் கீப்பர் விசில் ஊதினார். எங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக வாக்ஓவர் எங்களுக்குக் கிடைத்தது.

இரண்டாவது மேட்சில்தான் அவர் எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று தெரிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி இருந்தோம். பெனால்டி கிடைத்தது. புளியறை பந்தை வைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றான். வெளியிலிருந்து விசில்.

"ஏலே புளியறை, வெளிய வா. உன் டைம் முடிஞ்சிட்டு. வடகரை, நீ ரெஸ்ட் எடுத்தது போதும், உள்ள போ."

"அண்ணாச்சி, பெனால்டி! அடிச்சிட்டு வாரேன்!"

"அஞ்சு இருவத்தஞ்சுக்கு நீ இறங்கணும்னு நோட்டுல எழுதியாச்சு. பின்னால வாற வண்டி எவ்வளவு நேரம்லே நிக்கும்?"

புளியறை அழாத குறையாக வெளியே வந்தான். வடகரை உள்ளே போய், வேர்க்கக்கூட நேரமில்லாமல், பெனால்டியை அடித்து கோலாக்கினான். மேட்ச் டிரா. அவன் மட்டும் தவறவிட்டிருந்தால் நாங்கள் டைம் கீப்பரை அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்போம். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

மூன்றாவது மேட்சில் நிஜமாகவே விளையாடி நிஜமாகவே ஜெயித்தோம். அந்தச் சந்தோஷத்தில் அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினோம். "பதினோரு நிமிசம்" என்று அனுமதி கொடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அருவியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பதினோராவது நிமிடம் டைம் கீப்பர் தன் பஸ் ஸ்டாண்ட் விசிலை முழு மூச்சில் ஊதினார். குற்றாலத்தில் விசில் சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான்: மேலே வெள்ளம் வருகிறது, போலீஸ் எல்லோரையும் வெளியேற்றுகிறது. அவ்வளவுதான், மொத்த அருவியும் அலறிக்கொண்டு கரையேறியது. சோப்பு நுரை கண்ணை மறைக்க ஒருவர் இன்னொருவர் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். உண்மையான போலீஸ்காரர் வந்து, "யாருய்யா விசில் ஊதுனது?" என்றார்.

"நான்தான் சார். எங்க பயலுவளுக்கு மட்டுந்தான் ஊதுனேன். மத்தவங்க ஏன் ஏறுனாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்" என்றார் டைம் கீப்பர்.

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில். டிரா செய்தால் போதும், முதல் டிவிஷனிலேயே இருப்போம். எதிரணிக்கு ஜெயித்தால் கோப்பை. அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வந்த பந்தையெல்லாம் பிடித்தேன். பின்னால் நின்ற தென்னங்கன்றுகள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ரெஃப்ரி நீளமாக விசில் அடித்து ஆட்டத்தை முடித்தார். நான் அப்படியே மண்ணில் விழுந்து அழுதேன். புளியறை என் மேல் விழுந்தான், அவன் மேல் வடகரை விழுந்தான். தோப்பு அண்ணாச்சிகூடத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அப்போது டைம் கீப்பர் நோட்டோடு மைதானத்துக்குள் நடந்து வந்தார்.

"சார், இப்ப மணி அஞ்சு அம்பத்து மூணு. ஆட்டம் அஞ்சு அம்பத்தஞ்சுக்குத்தான் முடியும். இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு."

ரெஃப்ரி நெளிந்தார். "இல்ல... ஆறு மணி திருநெல்வேலி வண்டியப் பிடிக்கணும்..."

"அது ஆறு பத்துக்குத்தான் சார் எடுக்கும். நான் போயி ஊதாம அது எப்படிப் போவும்?"

"அண்ணாச்சி!" என்று நாங்கள் பதினோரு பேரும் ஒரே குரலில் கத்தினோம். பிரயோஜனமில்லை. எதிரணிக்காரர்கள் அதற்குள் அவரவர் இடத்தில் போய் நின்றுவிட்டார்கள்.

இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தைத் தள்ளிவிட்டோம். அப்புறம் ஒரு பந்து வந்தது. சுலபமான பந்து. என் இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனது.

நான் எழுந்து நேராக டைம் கீப்பரிடம் போனேன். "உங்கள யாரு கேட்டா? வாய மூடிட்டுச் சும்மா நின்னா என்ன குறைஞ்சிரும் உங்களுக்கு?" இன்னும் என்னென்னவோ பேசினேன். எழுத முடியாது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "எனக்கும் ஆசதான்லே கோலி. ஆனா டைம் இருந்துச்சே" என்றார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு திருநெல்வேலி வண்டியை அனுப்பப் போய்விட்டார்.

தோப்பு அண்ணாச்சி சொன்ன சொல் மாறாதவர். மறுவாரமே தென்னங்கன்றுகள் மைதானம் முழுக்க நின்றன. நாங்கள் பூட்ஸைப் பரண் மேல் போட்டோம். கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், செங்கோட்டைக்குக்கூட பைக்கில்தான் போனேன்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் டைம் கீப்பர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லி நானும் கூப்பிடவில்லை.

"ஏலே கோலி, பயலுவளக் கூட்டிக்கிட்டு பஸ் ஷெட்டுக்கு வா. அஞ்சு இருவதுல இருந்து ஆறே முக்கா வரைக்கும் அங்கன ஒரு வண்டி கிடையாது. எல்லாம் டிரிப்புல போயிரும். முதலாளிமாருட்டப் பேசிட்டேன். சிமென்ட் தரை, விழுந்தா முட்டி போயிரும், பாத்து ஆடணும்."

போனோம். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கால் கேட்குமா? டீசல் டிரம் நான்கை நிறுத்தி இரண்டு கோல் போஸ்ட். அவர் திருநெல்வேலி வண்டியை அனுப்பிவிட்டு வந்து நோட்டோடு கேட்டில் நிற்பார். ஆறு நாற்பத்தைந்துக்கு விசில். பந்து கோலுக்குள் பாதி தூரம் போயிருந்தாலும் சரி, நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். முதல் வண்டி உள்ளே வந்துவிடும். ஒரு நாளும் ஒரு நொடி கூடக் கொடுத்ததில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் சிமென்ட் தரையில் பழகிய காலோடுதான் ஆடினோம்.

மறுபடியும் மேலே ஏறுவதற்கான மேட்ச் மறுநாள் என்கிற சாயங்காலம். புளியறை எல்லோரையும் வெட்டிக் கடந்து பந்தோடு வருகிறான். கேட்டில் ஹாரன். விசில் வரும் என்று நான் நிமிர்ந்துவிட்டேன். வரவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "அண்ணாச்சி, மணி ஆறு நாப்பத்தாறு ஆயிட்டு. கேட்டத் திறங்க."

டைம் கீப்பர் கேட்டின் குறுக்கே நின்றுகொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். "என் வாச்சுல இன்னும் ஒரு நிமிசம் இருக்கு. பயலுவ ஆடுதானுவல்லா, பொறுலே" என்றார்.

ஷெட் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. தினமும் காலையில் தன் வாட்சைப் பார்த்து அதற்கு முள் திருப்பி வைப்பவர் அவர்தான். நான் திரும்பி அதைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தாறு. யாரிடமும் சொல்லவில்லை.