அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்த பாட்டு

அருமனை,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய ஆன்ட்ரூஸ் அத்தானுக்கும் செல்லபாய் அக்காவுக்கும் தம்பி செல்வதாஸ் எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் ராகேலும் மகள் அஜிஷாவும் சுகம். என் ரத்தக்கொதிப்பு மட்டும் கோர்ட் வாய்தாவை அனுசரித்து ஏறி இறங்குகிறது. போனில் இனி ஒரு வரிகூட யாருக்கும் அனுப்பக் கூடாது என்று என் வக்கீல் கண்டித்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

"பாட்டைத் திருடினதாக உன்மேல் கேஸாமே, ஞானதாசனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டால் தீராதா" என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குத் தன்னைத் தானே தலைவனாக்கிக்கொண்ட அந்த ஞானதாசனிடமா? நடந்ததைக் கேளுங்கள். போன அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் வாழைக்குலையும் பலாச்சக்கையும் சேவலும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைத்தபோது, இவன் மட்டும் தான் மெட்டுப் போட்ட பாட்டு என்று ஒரு பென்டிரைவைத் தட்டில் வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவும் வைத்துக் கொண்டுவந்தான். மெட்டு என்ன மெட்டு, வெள்ளைக்காரப் பாதிரி விட்டுப்போனதில் நாலு இடத்தில் தபலாவைத் தட்டினால் இவனுடையதாகிவிடுமா? ஆனால் பாடியது அஜிஷா. ஒலிப்பதிவு அன்று தொண்டை கட்டியிருந்தும் வெந்நீர் குடித்துக் குடித்து முழு நாளும் நின்று பாடிய பிள்ளை. அதனால் "பாட்டு ஏலம், பாட்டு ஏலம்" என்று கூவினதும், அந்நியன் கொண்டுபோக விடுவேனா என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டு மூன்றாம் தரத்தில் எடுத்தேன். ஏலத்தில் எடுத்தது எனக்கல்லாமல் யாருக்கு?

வீட்டில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் இசை, தயாரிப்பு, மேற்பார்வை எல்லாம் ஞானதாசன். பாடியவர்கள்: குழுவினர். தனியாக ஒரு பிள்ளை பாடின பாட்டுல குழு எங்கேந்து வந்து? எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுபோச்சு அத்தான். 'பாடியவர்: அஜிஷா செல்வதாஸ்' என்று போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம் என்று இணையதளத்தில் ஏற்றினேன். ஒரே வாரத்துல கல்யாண வீட்டுலயும் அடக்க வீட்டுலயும் அதுதான் கேக்குது. பொறவு வந்தது வக்கீல் நோட்டீஸ்.

கோர்ட்டில அவனுக்க வக்கீல், "பதிவேத்தினது யாரு"ண்ணு கேட்டான். "நான்தான், ஏலத்துல எடுத்தவன்"ணு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். எனக்க வக்கீல் தலையில கைய வச்சுட்டாரு. "சக்கைய ஏலத்துல எடுத்தா சுளையும் கொட்டையும் எனக்குத்தானே, ஊருக்குப் பங்கு வச்சா இவனுக்கு என்ன"ண்ணு கேட்டேன். அதுக்கு அந்த வக்கீல், "சக்கையத் தின்னலாம், அதுக்காக பிலாமரத்துக்குப் பட்டா கேக்க முடியுமா"ண்ணான். கோர்ட்டே சிரிச்சு. வாழ்நாள்ல ஒரு சக்கைய வெட்டிப் பாத்திருக்க மாட்டான், அவன் எனக்குப் படிப்பிக்கான். அதையும் பொறுத்தேன். ஜட்ஜம்மா ஞானதாசனிட்ட, "பாடினது யாரு"ண்ணு கேட்டாங்க. அந்தச் சவம் மேல பாத்து, கீழ பாத்து, "ஞாபகமில்ல"ண்ணு பறஞ்சான். ஞாயித்துக்கிழம தோறும் எங்க வீட்டுல சாயா குடிச்சவனுக்கு எனக்க பிள்ளைக்க பேரு ஞாபகமில்லியாம். பக்கத்துல இருந்த அஜிஷா தலையக் குனிஞ்சா. அதப் பாத்த பொறவு நான் எப்பிடி மன்னிப்புக் கேப்பேன்?

பாட்டு என்ன ஒருத்தனுக்க சொத்தா அத்தான்? நாலு பேரு காதுல விழத்தானே பாடுறது. அதுக்குப் பூட்டுப் போட்டு சாவிய இடுப்புல சொருகிட்டு நடக்கிற பயல நான் மனுசன்னே மதிக்கமாட்டேன். திங்கக்கிழம சமரசம் பேச வரச் சொல்லியிருக்காங்க. போவேன், இருப்பேன், எழும்பி வருவேன். எந்த மேல்கோர்ட் ஆனாலும் சரி, விடமாட்டேன்.

அக்காவின் முட்டுவலிக்கு ராகேல் தினமும் ஜெபிக்கிறாள். கர்த்தர் உங்கள் வாசலையும் வழியையும் காப்பாராக; ஞானதாசனை அவர் தமது இஷ்டப்படி செய்யட்டும்.

என்றும் தங்கள் அன்புத் தம்பி,
செல்வதாஸ்

பி.கு.: கவர் ஒட்டாமல் கிடந்தது நல்லதாயிற்று. திங்களன்று சமரசம் ஆகிவிட்டது. பாடியவர் அஜிஷா என்று போட ஞானதாசன் சம்மதித்து, பாட்டின் உரிமையில் பாதியை அவள் பெயருக்கு எழுதியும் தந்துவிட்டார். நல்ல மனிதர், மெட்டிலும் ஓர் ஆழம் இருக்கிறது. நிற்க. உங்கள் மகன் சிஜின் தன் புதுவீட்டுப் பிரதிஷ்டை வீடியோவில் அந்தப் பாட்டை யாரிடமும் கேட்காமல் சேர்த்து ஊர் முழுக்க அனுப்பியிருப்பதை ராகேல் காட்டினாள். நான் ஏற்றிய இடத்திலிருந்துதான் எடுத்தேன் என்று அவன் சாக்குச் சொல்ல வேண்டாம். அடுத்தவர் உழைப்பை இப்படி எடுத்துக்கொள்வது நம் குடும்பத்துக்கு அழகல்ல. வக்கீல் நோட்டீஸ் தனியாக வரும்; நானும் ஞானதாசனும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.