மூணாவது மாடிக்கு ஒரு பார்சல்

மூணாவது மாடிக் கதவைத் தட்டிவிட்டு நவ்ஷாத் சுவரில் சாய்ந்தார். முதுகில் பை, பைக்குள் பச்சரிசி. அவர் வந்து சேர்ந்துவிட்டார். அவருடைய மூச்சுதான் இன்னும் இரண்டாவது மாடியிலேயே நின்றது.

கதவைத் திறந்த பெண் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அரிசியா? நாங்க யார்ட்டயும் கேக்கலையே காக்கா."

"டீக்கடை சுஐபு வீட்டுலருந்து குடுத்து விட்டாகம்மா. மூணாவது மாடி, பச்சைக் கதவுன்னு சொன்னாக."

"அது எதிர்த்த வீடு காக்கா. அங்கனயும் மூணாவது மாடிதான். அங்கனயும் பச்சைக் கதவுதான்."

நவ்ஷாத் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார். ஆனால் மூச்சே வராத இடத்தில் வசவு எங்கிருந்து வரும்? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினார். கீழே கழற்றி வைத்திருந்த ஷூவை மாட்டி, தொப்பையை ஒரு பக்கம் ஒதுக்கி, நாடாவைக் கட்டினார். தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து அதே நாடாவை அவிழ்த்தார்.

"யா அல்லாஹ், இந்த ஊருல கீழ்வீட்டுல குடியிருக்கிற ஒருத்தருக்காவது அரிசி வேணாமா?" என்று படியைப் பார்த்துக் கேட்டார். படி என்ன சொல்லும்?

இந்த வம்பெல்லாம் ஒரு போனில்தான் தொடங்கியது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் யும்னா கூப்பிட்டாள்.

"வாப்பா, அடுத்த மாசம் தேனிப் பக்கம் ரெண்டு நாள் மலையேறப் போறோம். கைடு வாராரு. கூட்டாளிங்க எல்லாம் அவங்க வீட்டுலருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வாராங்க. நீங்க என்கூட வாறீங்களா?"

மகள் நடை பழகியது, பள்ளிக்கூடம் போனது, மேடையேறிப் பரிசு வாங்கியது எல்லாவற்றையும் நவ்ஷாத் துபாயில் இருந்துகொண்டு போட்டோவிலும் போனிலும்தான் பார்த்தார். போன வருஷம் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். "என்கூட வாங்க" என்று வாய் திறந்து அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. பெற்றவனுக்கு மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்புமா? "வாரேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

மறுநாளே கைடு காளிராஜ் போனில் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் வெண்டைக்காய் விளக்கெண்ணெய் எதுவும் கிடையாது.

"சார், தினமும் நடங்க. படி ஏறுங்க. சும்மா ஏறக்கூடாது, முதுகுல சுமையோட ஏறணும். வாரா வாரம் சுமையைக் கூட்டுங்க. புது ஷூவை மலைக்கு வந்து மொதமொதலாப் போட்டீங்கன்னா காலெல்லாம் கொப்புளமாயிரும், இப்பவே போட்டுப் பழகுங்க. ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது. மழைக்கோட்டு கட்டாயம். அப்புறம் ஒண்ணு சார். மொத முகாம்ல நான் ஒவ்வொருத்தரையும் பாப்பேன். முடியாதவங்களை அங்கயிருந்தே இறக்கிருவேன். அவங்ககூட வந்தவங்களும் சேர்ந்துதான் இறங்கணும். அதுல தாட்சண்யம் பாக்கமாட்டேன்."

கடைசியில் சொன்னதுதான் நவ்ஷாத்தின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. தான் மூச்சு வாங்கி நின்றால், பாவம், பிள்ளையும் அல்லவா சேர்ந்து இறங்க வேண்டும்? கூட்டாளிகளெல்லாம் மேலே போக, இவள் மட்டும் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வருவதா? அப்படி ஒரு கேவலம் நடக்கக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் செய்தார்.

சத்தியம் செய்வது சுலபம். கீழக்கரையில் மேட்டுக்கு எங்கே போவது? கடலுக்கும் தரைக்குமே அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. நவ்ஷாத் முதல் நாள் சுஐபு டீக்கடைவரை நடந்தார். ஒரு டீ, இரண்டு சமோசா. திரும்பி நடந்தார். இரண்டாம் நாளும் அப்படியே, சமோசா மட்டும் ஒன்று கூட. சுமை வேண்டுமே என்று பையில் தலையணையைத் திணித்துக்கொண்டு போனார்.

"நடந்துட்டு வாறீங்களா, தின்னுட்டு வாறீங்களா?" என்றாள் மனைவி குல்சும்.

"மெல்ல மெல்லத்தான் கூட்டணும். உடம்பு என்ன மெஷினா?"

அதற்கடுத்த நாள் தூறல். போகவில்லை. அதற்கடுத்த நாள் வெயில். போகவில்லை. குல்சும் அவருடைய போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தலையணைப் பையோடு அவர் மறுபடி தெருவில் இறங்கிய நாள் பிடித்தது சனியன்.

கீழக்கரையில் ஒரு ஆள் பையோடு தெருவில் நடந்தால் அவன் பயணம் போகிறான் என்று அர்த்தம். பயணம் போகிறவன் கையில் நாலு வீட்டுப் பொருளைக் கொடுத்துவிடுவது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். துபாயில் இருந்த காலமெல்லாம் நவ்ஷாத் ருசி பார்த்த, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய தொதலும் கருவாடும் ஊறுகாயும் அப்படி யாரோ ஒரு புண்ணியவான் பெட்டியில் வந்ததுதான். அந்த உப்பைத் தின்ற வாயில் "முடியாது" என்ற சொல் வராது. வந்தால் ஊர் சும்மா விடாது.

"நவ்ஷாத் காக்கா, அந்தப் பக்கமாப் போறீகளா? இந்த அரிசியை ஒரு எட்டு எங்க நாத்தனா வீட்டுல குடுத்துருங்களேன்" என்றாள் சுஐபு மனைவி.

அவ்வளவுதான். மறுநாள் பக்கத்து வீட்டு எண்ணெய்க் கேன். அதற்கு மறுநாள் மாவு, சீனி, ஒரு குக்கர். எல்லாம் மாடி வீடுகளுக்கே போயின. வெளிநாட்டுக் காசு வந்தால் மேலே ஒரு மாடி எழுப்பாமல் தூக்கம் வராத ஊர் அது. அந்த மாடிகளையெல்லாம் கட்டியவர்கள் மேல் நவ்ஷாத்துக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

தெருவழி போனால்தானே பிடிக்கிறார்கள் என்று கடற்கரையோரமாகப் போய்ப் பார்த்தார். மணலில் ஷூ புதைந்து ஒவ்வொரு அடியும் இரண்டடியானது. போதாக்குறைக்கு, வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "நல்ல நேரத்துக்கு வந்தீக பாய்!" என்று மீன் பெட்டியைத் தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டார். எங்கே கொண்டுபோக? மூணாவது மாடிக்குத்தான்.

ஆட்டோவில் போட்டு அனுப்பிவிடலாம் என்று மஹ்மூதைக் கூப்பிட்டார்.

"வண்டி ரிப்பேரு காக்கா" என்றான் மஹ்மூது.

"இப்பத்தானடா ஆளை இறக்கிவிட்டுட்டு வந்தே?"

"அதான் காக்கா, இறக்கிவிட்டதும் ரிப்பேரு."

கடைசியாக முழங்கால் வலி என்று ஒரு பொய் சொன்னார். பொய் சொன்ன அன்றைக்கே எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒரு வைத்தியரைக் குல்சும் கண்டுபிடித்துவிட்டாள். வைத்தியர் இருந்ததும் மாடியில். முட்டி வலி என்று வருகிறவனை மாடியேற வைக்கிற வைத்தியரை நவ்ஷாத் உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை. "தினம் வாங்க" என்றார் அவர். "வரும்போது எனக்குக் கீழ்க்கடையில ஒரு கேன் தண்ணி எடுத்துட்டு வந்துருங்க."

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்ததுபோல வந்தது அம்மி. பெரியபட்டினத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பஸ்ஸில் போனால் கல்லுக்கு டிக்கெட் போடுவார்கள், காலாற நடந்து போங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நவ்ஷாத் விடியலில் கிளம்பி, வெயில் ஏறியபோது போய்ச் சேர்ந்தார். இரண்டு நாளில் அதே வீட்டிலிருந்து ஆள் சொல்லிவிட்டார்கள். அம்மி சின்னதாக இருக்கிறதாம், திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம்.

"அம்மி சின்னதாப் போச்சா?" நவ்ஷாத்தின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "அது என்ன சட்டையா, போட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்க?"

ஆனாலும் போய் எடுத்து வந்தார். வந்த கையோடு அம்மியை முற்றத்தில் இறக்கி வைத்தார்; வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பது பொருந்தும்.

"குல்சும்! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். நான் மலைக்குப் பழக வேணாமா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைய நிம்மதியா நடக்க விட்டாகளா? நான் மூச்சு முட்டி உக்காந்துட்டா பிள்ளையும் சேந்து இறங்கணும்னு அந்தக் கைடு சொன்னாரே! அதுக்கு யாரு பதில் சொல்றது? இந்த ஊரா? அம்மிக்காரியா?"

"ஊருல குடுத்து விட்டதைக் கொண்டு சேக்கலைன்னா என்ன பேசுவாக? கொஞ்சம் பொறுத்துக்கிட்டு சபுரா இருங்க" என்றாள் குல்சும், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சபுரா? முதுகு ஒடியுது எனக்கு!"

"ஒடியலையே, நேராத்தானே நிக்கிறீங்க." அவள் அடுப்படிக்குள் போய் ஒரு சட்டியோடு வந்தாள். "இந்தத் தொதலை மேலத்தெருவுல குடுத்துருங்க. சூடு ஆறுறதுக்குள்ள போகணும், அதனால வெரசா ஏறுங்க."

நவ்ஷாத் சட்டியை வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார்? அன்று இரவு படுக்கையில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் நெருங்கிவிட்டது. ஒரு பயிற்சியும் நடக்கவில்லை. பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

கிளம்புகிற அன்று குல்சும் பையைக் கொடுத்தாள். தோளில் மாட்டிய நவ்ஷாத் திடுக்கிட்டார்.

"என்ன இவ்வளவுதானா? பார்சல் ஒண்ணும் இல்லையா?"

"மலையில யாருக்குங்க குடுக்க? மாத்துத்துணி, மழைக்கோட்டு, தண்ணி, பேரீச்சம்பழம். போதும், பிஸ்மில்லா சொல்லிக் கிளம்புங்க."

மலையடிவாரத்தில் காளிராஜ் கறாராக நின்றார். வந்தவர்களில் நவ்ஷாத்தைவிட இளந்தாரிகள்தான் அதிகம். ஒரு தகப்பனார் தினம் ஜிம்முக்குப் போகிறவராம். அவர் கைத்தசையைப் பார்த்ததுமே நவ்ஷாத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. யும்னா அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"முடியலைன்னா சொல்லிருங்க வாப்பா. நாம இறங்கிருவோம், எனக்கு ஒண்ணுமில்லை."

ஒன்றுமில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஏறத் தொடங்கினார். நிமிர்ந்து மலையைப் பார்த்தால் பயம் வரும் என்று ஷூவை மட்டுமே பார்த்தார். பாறைப் படி, வேர்ப் படி, சேற்றுப் படி. ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஊரில் ஒரு வீட்டின் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறினார். திட்டுவதற்கு வீடுகளுக்கா பஞ்சம்?

பின்னால் பேச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு இருமல். பிறகு அதுவும் இல்லை.

"வாப்பா… வாப்பா, கொஞ்சம் நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தார். யும்னா இடுப்பில் கைவைத்து, முகம் சிவந்து, வாயைத் திறந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், கீழே வெகுதூரத்தில், ஜிம்முக்காரர் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

நவ்ஷாத் இறங்கிப் போய் மகளின் பையைக் கழற்றித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டார். "இதுலயும் ஒண்ணும் கனமில்லையே" என்று அவர் சொன்னது பெருமைக்காக இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான்.

முதல் முகாமுக்கு அவர்கள்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். முன்னால் போய் அங்கே காத்திருந்த காளிராஜ் ஓடி வந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார், ஷூவைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

"நீங்க தாராளமா மேல போகலாம் சார். உங்க பொண்ணைத்தான் கொஞ்சம் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

யும்னா தகப்பனைப் பார்த்த பார்வையை நவ்ஷாத் துபாயில் சம்பாதித்ததெல்லாம் கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது. அவருக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

"எப்படி வாப்பா? எப்பப் பழகுனீங்க?"

"எங்கே பழகவிட்டாகம்மா? ஒரு மாசமா அந்த ஊரு என்னையக் கழுதை மாதிரி சுமக்க வச்சே கொன்னுட்டாக. உங்க உம்மாவும் அதுக்கு ஒத்து ஊதுறா. ஊருக்குப் போனதும் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கப்போறேன், பாரு!"

காளிராஜ் அவர் ஷூவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"பாவம் சார், ஊர்க்காரங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. 'எங்க வீட்டுக்காரரு தனக்குன்னா தெருமுனை தாண்ட மாட்டாரு, அடுத்தவங்க குடுத்து விட்டாத்தான் அசைவாரு'ன்னு மொத வாரமே உங்க வீட்டம்மா எனக்குப் போன் போட்டாங்க. எந்த வாரம் எத்தனை கிலோ, எத்தனை மாடின்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்."