கோத்யே வந்தாச்சா?

இன்டர்காமில் டாக்டரின் குரல் கரகரத்தது. "கோத்யே வந்தாச்சா?"

புதுசின் காதில் அது, "கோத்தியே, ஆச்சா?" என்று விழுந்தது.

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கு அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதனால் எல்லாருக்கும் அவள் புதுசு. நேற்றுவரை வாங்க, போங்க என்று பேசிய டாக்டர் இன்று ஒருமையில் இறங்கிவிட்டாரே என்று மனசு சுருக்கென்றது. ஆனாலும் ஃபைல்களுக்கு டேக் கோப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் கோத்துட்டேன் சார்" என்றாள்.

"என்னத்தை?"

"ஃபைலை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அது ஆள் பேரும்மா. பிரெஞ்சுக் குடும்பப் பேர், ஆனா ஆள் தமிழ்க்காரர்தான். வந்ததும் உள்ள அனுப்புங்க. அவர் வராம எதுவும் ஆரம்பிக்க முடியாது."

அந்த நாற்காலியில் முன்பு இருந்தவள் பேர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டே வேலையை இழந்தவள். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. பட்டப்பகலில், கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவள். "இந்த வேலையாவது நிலைக்கட்டும்டி" என்று காலையில்தான் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

கனவு காண்கிறவளுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தைவிட ஆபத்தான இடம் கிடையாது. வெளியே மழை கண்ணாடியில் சன்னமான சத்தத்தோடு வழிந்துகொண்டிருந்தது. நீலத் திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் கூடத்தைக் குளத்தின் அடிபோல ஆக்கியிருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விடப்பட்டவர்கள் வரிசை வரிசையாக, இமைகளை மூடி, எங்கேயோ மிதந்து போகிறவர்களைப்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

புதுசு தலையை உதறிக்கொண்டு கணினியில் தேடினாள். காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் அடித்தாள். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்றது கணினி.

முதல் வரிசையில் ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "சார், கோத்யேங்கிற பேரை எப்படி எழுதுவாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. பல வருஷமாக யாரும் அவரை எதுவும் கேட்கவில்லைபோல. "அதுல நாலஞ்சு விதம் இருக்கும்மா. நடுவுல 'எச்' போட்டு எழுதுவாங்க, போடாமலும் எழுதுவாங்க. சில குடும்பத்துல ஒரு 'எல்' சேரும். எப்படி எழுதினாலும் சொல்றது கோத்யேதான்."

"அப்ப அந்த எழுத்தெல்லாம் எதுக்கு சார்?"

"மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. சும்மா உட்கார்ந்திருக்கும், வாயைத் திறக்காது. எழுப்பி அனுப்பவும் முடியாது."

எது சரி என்று தெரியாததால் அவர் விவரம் சொன்ன மூன்று விதமாகவும் பதிவு செய்தாள் புதுசு. ஒன்றாவது மாட்டுமே! இயந்திரம் மூன்று டோக்கன்களைத் துப்பியது.

"கோத்யே!" என்று கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை.

"எங்க பொண்ணு இருக்கிற ஊர்ல இதே பேரைக் காட்டியர்னு சொல்வாங்க" என்றாள் பின்வரிசை அம்மாள், கண் திறக்காமலே.

"காட்டியர்!"

"எழுத்தை அப்படியே படிச்சா கௌதியர்னு வருமே?" என்றார் இன்னொருவர்.

"கௌதியர்!"

இப்போது கூடமே முணுமுணுக்கத் தொடங்கியது. கோத்யே, காட்டியர், கௌதியர். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பேர் எழும்பி, மின்விசிறிக் காற்றில் சுற்றி, மழைச் சத்தத்தோடு கலந்தது. யாரையோ தொலைவிலிருந்து ஒரு குடும்பமே கூடிநின்று கூப்பிடுவதுபோல் இருந்தது. புதுசு கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள்.

"நான்தான்" என்று எழுந்தார் ஒரு பெரியவர். யார் பேரைக் கூப்பிட்டாலும் எழுந்துவிடுகிற அவசரக்காரர். புதுசுக்கு அது தெரியாது. கும்பிடாத குறையாக அவரை உள்ளே அனுப்பினாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். "என்னம்மா உங்க டாக்டர்? என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'உங்களைத்தான் நம்பியிருக்கேன்'ங்கிறார். நான்தானே அவரை நம்பி வந்திருக்கேன்? எனக்குக் கை நடுங்குது, கண்ணும் சரியாத் தெரியலைன்னேன். மனுஷனுக்கு முகமே வெளுத்துப் போச்சு!"

இன்டர்காம் அலறியது. "அவர் இல்லம்மா! உண்மையான கோத்யே எங்க?"

அதற்குள் சொட்டு அக்கா வந்து நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் கண்மணியை விரிய வைத்து, சில மணி நேரம் பார்வையை மங்கலாக்கும் மருந்தைக் கண்ணில் விடுகிறவள். ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டாள். "மூணு டோக்கன் வந்திருக்கு. ஆள் எங்கடி?"

"யாருக்கு இன்னும் சொட்டு விடலையோ, அவர்தான்கா" என்றாள் புதுசு. தன் மூளை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவளுக்கே தெரியாது.

அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். கடைசி வரிசை ஓரத்தில், மடியில் கோட்டை வைத்துக்கொண்டு, நெடுந்தூரம் பயணம் செய்து வந்த களைப்போடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு நெட்டை மனிதர். அக்கா அவருடைய இரண்டு இமைகளையும் தூக்கி மருந்தை விட்டாள். அடுத்த டோக்கனுக்கு மறுபடி ஒரு முறை. மூன்றாவது டோக்கனையும் பாக்கி வைக்காமல் தீர்த்தாள். அவர் தூக்கத்திலேயே சிரித்தார்.

புதுசு அவர் தோளை மெல்லத் தொட்டாள். "சார், நீங்க கோத்யேவா?"

"ஆமா." குரல் கனவிலிருந்து இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் சார்!"

"கேட்டுச்சும்மா. ஆனா என்னைக் கூப்பிடுறதா தோணலை. காட்டியர்னா அது கடல் தாண்டிப் போன எங்க சித்தப்பா. கௌதியர்னா பள்ளிக்கூடத்துல எங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. கோத்யேன்னா எங்க அப்பா. கனவுல எல்லாரும் வரிசையா வந்து உட்கார்ந்தாங்க. ரொம்ப நாளாச்சு அவங்களையெல்லாம் பார்த்து. எழுந்துக்க மனசே வரலை."

புதுசு அவர் மடியிலிருந்து நழுவிய கோட்டை எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனுஷர். இவர் கண் நல்லபடியாக ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் கண்ணைக் கசக்கினார். "என்னம்மா, எல்லாமே மங்கலா இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும் சார். பயப்படாதீங்க."

"இல்லம்மா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும் சார். இங்க வர்ற எல்லாருக்கும் முதல்ல கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். என் கையைப் புடிச்சுக்கோங்க."

அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நீல வெளிச்சத்தில் நீந்துவதுபோல் நடந்தார்கள். அவர் தூணில் ஒரு முறை முட்டிக்கொண்டு, தூணிடம் மன்னிப்பும் கேட்டார். இந்த வேலை நிலைத்துவிட்டது என்று புதுசுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் அறை வாசலில் நின்றிருந்த ஆபரேஷன் தியேட்டர் நர்ஸிடம் அவரைப் பெருமையோடு ஒப்படைத்தாள்.

"கோத்யே வந்தாச்சு. மூணு தடவை சொட்டு விட்டாச்சு."

நர்ஸ் அவருடைய விரிந்த கண்மணிகளைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி, நம்ம டாக்டர் கண்ணை ஆபரேஷன் பண்றதுக்காக வரவழைச்ச டாக்டர்டி இவர்!"