வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் மரியாதை

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். நீங்களும் என் மனைவியின் மற்ற உடன்பிறப்புகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று விசாரிக்காமலே நம்புகிறேன். ஓய்வு பெற்ற கையோடு பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருப்பதாகவும், இதில் பழம் தின்று கொட்டை போட்டவனாகிய நான் நாலு யோசனை சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். கேட்பதும் கேட்காததும் உங்கள் குடும்ப வழக்கப்படி.

முதலில் நாற்காலியைப் பாருங்கள், பாடத்தை அப்புறம் பார்க்கலாம். எங்களுக்கு மாலையில் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு அறை. குட்டி பெஞ்சில் உட்கார்ந்த கொத்தனாரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. புத்தகத்தையும் நம்பாதீர்கள். 'பூனை மேஜைக்கு அடியில் இருக்கிறது' என்று நான் உருகி உருகி நடத்த, எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கி, "சார், இதை நான் யார்கிட்ட, எப்ப சொல்லப் போறேன்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அன்று முதல் ஃப்யூஸ் போவதைப் பற்றித்தான் பாடம்.

எல்லாவற்றையும் விட, எந்தச் சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதாதீர்கள். நான் எழுதினேன். ஹீ என்றால் அவன், ஷீ என்றால் அவள், தே என்றால் அவர்கள். இஸ்திரிக்கடை அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டுக்காரரைப் போய் அவன் இவன்னு சொல்லச் சொல்றீங்களே சார், நல்லாவா இருக்கு?" என்றார். இங்கிலீஷில் மரியாதை தனியாகக் கிடையாது என்றேன். "அவங்களுக்கு இல்லைன்னா நமக்குமா இல்லை?" என்று கேட்டுவிட்டு, "மை ஹஸ்பண்ட், தே ஆர் ஸ்லீப்பிங்" என்று சொல்லி உட்கார்ந்தார். கணவர் ஒருத்தர்தானே அம்மா என்று கரடியாய்க் கத்தினேன். "ஒருத்தர்தான். அதுக்காக மட்டம் தட்டலாமா?"

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஒரு பெரிய ஹோட்டலின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை கிடைத்தால்தான் குடும்பம் பிழைக்கும். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வராது, பேச வேண்டியது இந்த அம்மாதான். நாளை காலை நேர்காணல். 'தே' என்று வாயைத் திறந்தால் காரியம் கெட்டது. நிஜமாகவே கவலையாக இருக்கிறது. ஆகையால் நீங்களாவது இந்தத் தவறை முளையிலேயே கிள்ளுங்கள். மரியாதையை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு உங்கள் அக்காவிடமிருந்து ஒரு திட்டு. காரணம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் வீட்டுக்காரன்

பி.கு.: தபாலில் போடச் சோம்பல்பட்டதில் நேர்காணலே முடிந்துவிட்டது. இஸ்திரி போடுவது யார் என்று மேனேஜர் கேட்டாராம். "மை ஹஸ்பண்ட். தே அயர்ன் வெரி வெல். தே ஆர் வெயிட்டிங் அவுட்சைட்" என்றாராம் நம் அம்மா. கணவர் ஒரு பட்டாளத்தோடு வந்து நிற்கிறார் என்று மேனேஜர் மகிழ்ந்துபோய், ஒரு மாடிக்குக் கொடுக்க இருந்த வேலையை ஹோட்டல் முழுவதற்குமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடி 'ஹீ' என்றிருந்தால் ஒரு மாடியோடு போயிருக்கும். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். வகுப்பு தற்சமயம் இல்லை. கொத்தனார், எலக்ட்ரீஷியன், உங்கள் அக்கா, நான் எல்லோரும் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறோம். மேனேஜர் அடுத்த வாரம் அந்த 'தே'யை நேரில் பார்க்க வருகிறாராம். அந்த அம்மாவின் வீட்டுக்காரராக நிற்க இன்னும் ஆள் போதவில்லை. உடனே கிளம்பி வரவும்.