புல் வெட்டி முடியும்வரை உன் அக்கா அங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம்தான், இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் சௌக்கியமில்லை. போனில் சொல்லலாம் என்றால், உன் வீட்டில் மணி அடித்தால் முதலில் ஓடிவந்து எடுக்கிறவள் உன் அக்கா. என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாள். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அவள் ஏன் கோபித்துக்கொண்டு அங்கே வந்தாள் என்று சொல்லியிருப்பாள். பின்பக்கத் தோட்டத்தில் புல் இடுப்பு உயரம் வளர்ந்தது உண்மை. துணி காயப்போடப் போனவள் காலருகே பாம்பு ஓடியதும் உண்மை. ஆனால் நான் ஆளே கூப்பிடவில்லை என்பது அபாண்டம். கூப்பிட்டேன். வந்த ஒவ்வொருவரிடமும் கண்ணாடி எங்கே, பூட்ஸ் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டேன். வேலைக்காலம் பூராவும் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன் வேறென்னத்தைக் கேட்பான்? கடைசியாக வந்தவர், "புல்லு வெட்டத்தானே சார் கூப்பிட்டீங்க, இல்ல யுத்தத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே உன் அக்கா பெட்டியைக் கட்டினாள். "அந்தப் புல்லு போற வரைக்கும் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்களும் உங்க விதிமுறையும் சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க" என்றாள்.

சரி, நானே வெட்டிக் காட்டுகிறேன் என்று பெட்ரோல் புல்வெட்டும் மிஷின் வாங்கப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். "வீட்டுத் தோட்டம்தானே சார், சின்னதா எடுங்க. நைலான் நரம்பே போதும், பிளேடு வேண்டாம். தோள்ல மாட்டி நடந்து பாருங்க, எது உங்களை இழுக்கலையோ அதுதான் உங்க மிஷின்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டுப் புதர் அழிக்கிறவர்கள் வாங்குவது எது என்று கேட்டு அதையே கட்டச் சொன்னேன். அது என்னை நன்றாகவே இழுத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை எந்த வாயால் சொல்வேன், பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று அந்த மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் நான் வெறும் பெட்ரோலை ஊற்றித் தொலைத்தேன், ஞாபகம் வந்து மிஷினைக் கவிழ்த்தால் பாதி பின்வாசல் படியில் கொட்டியது, அந்த வாடை போகிறவரை நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது விதி, அதனால் அன்று முழுக்க ஒரு டீகூட இல்லை, மறுநாள் ஹெல்மெட், முகத்திரை, காதுக்கவசம், கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினால் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கி எதிரில் இருப்பது புல்லா சுவரா என்றே தெரியவில்லை, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், பக்கத்து வீட்டு டெய்லர் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ, காதில் விழுந்தால்தானே, கடைசியில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து என் காதுக்கவசத்தைத் தூக்கிப்பிடித்து, "அண்ணே, சுவிட்சு ஆஃப்ல இருக்கு" என்றார்.

ஆனால் ஓட ஆரம்பித்ததும் மச்சான், என்னமா வெட்டியது தெரியுமா! பாதித் தோட்டம் முடிந்தபோது உன் அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் ஈரப்புல் சுருண்டு சுருண்டு, கல் தெறிக்காமல் இருக்கப் பிளேடுக்கு மேல் மாட்டியிருக்கும் தடுப்புத் தகட்டில் அடைத்துக்கொண்டது. அணைப்பது, சுத்தம் செய்வது, மறுபடி இழுப்பது என்று நாலைந்து தடவை ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. தகட்டைக் கழற்றிவிட்டேன். தொழிற்சாலையில் தகட்டைக் கழற்றினவர்களை நான் எப்படித் திட்டியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். மிஷினை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன், அந்த மட்டுக்கு மானம் மிச்சம். பக்கத்தில் யாரும் வரக் கூடாது என்று கயிறுகூடக் கட்டியிருந்தேன். புல்லுக்குள் கல் கிடக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. கிடந்தது. தெறித்து நேரே இடது காலில், பூட்ஸுக்கு மேலே வந்து அடித்தது. டெய்லர்தான் தூக்கிக்கொண்டு போனார். தையல் போட்ட நர்ஸம்மா, "ஐயா என்ன வேலையில இருந்தீங்க?" என்று கேட்டாள். தபால் ஆபீஸ் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்காவிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவள் பரிதாபப்பட்டு வருவதில் எனக்கு இஷ்டமில்லை. புல் போனதால் வந்தாள் என்று இருக்க வேண்டும், கால் போனதால் வந்தாள் என்று இருக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் என்னிடம் பெரிதாக எதையும் கேட்காதவள் கேட்ட ஒரு காரியம், அதையும் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கிடக்கிறேன். தையல் பிரித்ததும் மறுபாதியையும் முடித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றோ, உனக்கு முதுகுவலி என்றோ ஏதாவது சாக்குச் சொல்லி அவளை அங்கேயே நிறுத்தி வை. கெட்டிக்காரன் நீ, சமாளித்துவிடுவாய்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, இயந்திரம் எதையும் தொடாத உத்தியோகமாகப் பார்த்துப் போகட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதம் ரெண்டு நாளாக மேஜையிலேயே கிடக்கிறது. மழை விடவில்லை, தபாலில் போட ஆளில்லை. வெட்டின பாதியிலும் பச்சை கிளம்பிவிட்டது. சமையலறைவரை நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் எதற்குப் போனேன் என்பதே மறந்துபோகிறது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளு. இது கிடைத்த அன்றைக்கே உன் அக்காவிடம் சொல்லிவிடு. புல்லு வெட்ட அவளே ஆள் கூப்பிடட்டும், நான் வாயைத் திறக்கவில்லை. தையல் மூணுதான், நீ எட்டு என்று சொல். வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன் என்றும் சொல். அதை மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.