முனியாண்டவர் கிடாவும் வேளாங்கண்ணிக் குதிரையும்

இரக்க சுபாவம் உள்ளவன் கையில் லோடு வண்டி இருக்கக் கூடாது. வண்டி இல்லாதவன் பரிதாபமாக எதையாவது பார்த்தால் 'உச்' கொட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவான். எனக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் உரக்கடை. மூட்டை ஏற்றச் சின்னதாக ஒரு வண்டி. அதில்தான் நானும் என் மனைவி மல்லிகாவும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வேளாங்கண்ணி போனோம். (எங்கள் குடும்பத்தில் எந்தச் சாமியையும் விட்டுவைப்பதில்லை.) திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது.

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்த பெண்குதிரை அது. பெயர் ராணி. நான் பார்த்தபோது ராணி சுண்டல் மடித்த காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தாள். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

"தீனி போட்டு மாளலைங்க. வச்சுக்கிறதுன்னா ஓட்டிட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் சொந்தக்காரர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மல்லிகா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எங்க கட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊரில் என் மானம் போயிற்று. கடைக்கு வந்தவர்கள் குதிரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "அண்ணே, உங்க வீட்டுக் குதிரையே இப்படின்னா, உங்க உரத்தைப் போட்ட எங்க நடவு எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

கால்நடை டாக்டரம்மா வந்து டேப் வைத்து நெஞ்சைச் சுற்றி அளந்தார். "அடைமழைக்குள்ள உடம்பு தேறணுங்க. இல்லேன்னா இது தாங்காது" என்றார். "அதுக்காக ஒரேயடியா அள்ளிப் போட்டுடாதீங்க. வயித்து வலி வந்து செத்துப்போயிடும். புல்லு, வைக்கோலு, கொஞ்சமா ஊறவச்ச கொள்ளு, அவ்வளவுதான்."

அள்ளிப் போட்டாலும் அவள் தின்றிருக்க மாட்டாள். மாட்டுக் கொட்டகையில் தனியாகக் கட்டியதும் கனைக்க ஆரம்பித்தாள். வியர்த்து ஒழுகியது. வாளியில் கொள்ளு ஊறி, முளைவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டில் சுண்டலானது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குதிரை ஒத்தையா இருக்காதுங்க. பக்கத்துல ஏதாவது ஒரு உசுரு வேணும். ஆடு, மாடு எதுவா இருந்தாலும் சரி."

பசுமாட்டைப் பக்கத்தில் கட்டினேன். அது கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று பீரோக் கண்ணாடியைக் கழற்றி எதிரில் சாய்த்து வைத்தேன். ராணி தன் உருவத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். (நானும் கண்ணாடி முன்னால் அதைத்தான் செய்கிறேன்.) கண்ணாடி சரிந்து உடைந்ததற்கு மல்லிகா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அதற்குள் கிடா தானாகவே முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தக் கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா வசந்தா தஞ்சாவூரில் மாடி வீட்டில் குடியிருக்கிறாள். அத்தானுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்து எழுந்தால் ஆடியில் கிடா வெட்டுகிறேன் என்று எங்கள் ஊர் முனியாண்டவருக்கு வேண்டிக்கொண்டாள். அத்தான் பிழைத்தார். மாடியில் ஆடு வளர்க்க முடியாது என்பதால் குட்டியை வாங்கி எங்கள் வீட்டில் விட்டிருந்தாள். வெட்டப் போவதற்குப் பெயர் எதற்கு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வெறும் கிடா.

கிடா நேராகப் போய் ராணியின் வாளிக்குள் தலையை விட்டது. ராணி காதை முன்னால் நீட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் மூக்கை உள்ளே நுழைத்தாள். இரண்டு தலையும் ஒரே வாளிக்குள் இருந்தன. கொள்ளு அரைபடும் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மல்லிகா எட்டிப் பார்த்தாள். "அது யாரு கிடான்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. ஆடி மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என் புத்திசாலித்தனம்.

அதன் பிறகு ஒன்றைப் பிரிந்து ஒன்று இல்லை. ராணி நின்றால் அவள் வயிற்றுக்குக் கீழே நிழலில் கிடா படுத்திருக்கும். டாக்டரம்மாவின் டேப் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. முதுகெலும்பின் மேடு தணிந்து, முடியில் பளபளப்பு வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது, வாய்க்காலிலும் வந்தது. கூடவே ஆடியும் வந்துவிட்டது.

அக்காவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். "வேற கிடா, இதைவிடப் பெருசா வாங்கித் தரேங்க்கா. இது போச்சுன்னா குதிரை திங்காதுக்கா, செத்துப்போயிடும்."

"இதைத்தானடா தம்பி சாமிக்குன்னு நேந்து விட்டிருக்கேன். மாத்திக் குடுத்து உங்க அத்தானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் யாருகிட்டடா போயி நிப்பேன்?"

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

கிடா வெட்டு அன்று காலை உறவுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கிடாவைக் குளிப்பாட்டி மாலை போட்டு இழுத்தால், அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு கொட்டகையை விட்டு வர மறுத்தது. இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "அந்தக் குதிரையையும் கூட்டிட்டு வாடா, அது பின்னாடியே வந்துரும்" என்றாள் அக்கா.

நான் ராணியை அவிழ்த்தேன். கிடா உடனே நடந்தது. ஆக, கோயிலுக்கு அதை வழிகாட்டி அழைத்துப் போனவள் ராணிதான். யாரோ அவளுக்கும் ஒரு மாலையைப் போட்டுவிட்டார்கள். வழிநெடுக வீட்டு வாசல்களில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். "மாப்பிள்ளை யாருங்க?" என்று ஒரு குரல் கேட்டது. குதிரையைப் பிடித்துக்கொண்டு, புது வேட்டியும் தோளில் துண்டுமாக, நான்தான் அசட்டு மாப்பிள்ளை போல நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் முனியாண்டவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் அரிவாளை எடுக்க மாட்டார்கள்.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா ராணியின் முன்னங்காலில் சாய்ந்துகொண்டு அசைபோட்டபடி நின்றது. மறுபடி தெளித்தார். அசையவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினார். ராணிதான் தன் மேல் பட்ட தண்ணீரை உதறிச் சிலுப்பினாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பூசாரியும் பின்வாங்கினார். "குதிரை உத்தரவு செல்லாதுங்க" என்று அத்தான் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் என்ன கொறை வச்சேன் சாமி" என்று கைகூப்பி அழுதாள்.

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவரு இப்ப வேணாங்குறாரு" என்றார் பூசாரி. "இன்னும் செத்த நேரம் பார்ப்போம். இல்லேன்னா இது கோயில் கிடாவா இருந்துட்டுப் போவுது. உன் வேண்டுதல் சேந்துரும், பயப்படாத."

எனக்குள் எழுந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அத்தானுக்கும் ஒன்றும் இல்லை, கிடாவுக்கும் உயிர், ராணிக்கும் உயிர். சும்மா நின்றிருந்தால் போதும். உலகத்தில் என்னிடம் அந்த நேரத்தில் எதிர்பார்க்கப்பட்டது அது ஒன்றுதான்.

கிடாவின் நெற்றியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கண்ணுக்குள் ஒழுகியது. அது பாவமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் குனிந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் முகத்தைத் துடைத்தேன். குழந்தைக்குத் துடைப்பது போல, காதுக்குள்ளும் துண்டின் முனையை விட்டுத் துடைத்தேன்.

கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது.

குலவை எழுந்தது. அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் கைபட்டதும் சாமி மனசு எறங்கிட்டாருடா தம்பி" என்றாள். மஞ்சள் தண்ணீரில் நனைந்த துண்டோடு நான் நின்றேன். அது சாமியில்லை அக்கா, காது கூசியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அத்தனை நாள் பயமும் இறங்கிப் போயிருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை.

மல்லிகா என் கையிலிருந்த கயிற்றை வாங்கி ராணியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். ராணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பந்தியில் நான் உட்காரவில்லை. அத்தானும் உட்காரவில்லை, ஆட்டுக்கறி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்காக வெட்டிய கிடாவை ஊரே சாப்பிட, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். "துண்டைத் தோள்லயே போட்டுருக்கலாம்டா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

அப்புறம் அவரே அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு, நிலப் பேச்சு எதற்குப் போனாலும் வாசலிலேயே என் துண்டை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள். சாமிதான் உன் துண்டுக்குள் வந்தார் என்பது அவள் கட்சி.

ராணி அன்றிலிருந்து வாளியைத் தொடவில்லை. புதுக் கிடா வாங்கி விட்டோம், காலாலேயே தள்ளிவிட்டாள். விலா எலும்பு மறுபடி தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் வேறு வழி தெரியாமல், பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையில் போட்டு, என் சாப்பாட்டுத் தட்டோடு அவள் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளும் தலையை உள்ளே விட்டாள். அடைமழை தாண்டிவிட்டது. இன்றுவரை என் மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேதான். வெளியூர்க் கல்யாணம் எதற்கும் நான் போவதில்லை. மல்லிகா தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறாள்.

அக்கா தினமும் சாயங்காலம் மல்லிகாவுக்குப் போன் செய்வாள். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவதால் கொட்டகைவரை கேட்கும்.

"கிடா சாப்பிட்டுச்சா மல்லிகா?"

"சாப்பிட்டுட்டு இருக்காங்க அண்ணி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் இங்கிருந்து சிரிப்பேன். சில நாள் ரோட்டில் ஆட்டு மந்தை போகும். ராணி வாயில் புல்லோடு தலையைத் தூக்கிக் காதை நீட்டி நிற்பாள். சத்தம் தேய்ந்து அவள் மறுபடி குனிகிறவரைக்கும் எனக்கும் சோறு இறங்குவதில்லை.