ருஸ்னேவின் இடது முட்டி விஷயமாக மாப்பிள்ளைக்கு

உதெனா, மார்ச் 14

கௌனஸ் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பிறத்தியார் முட்டிகளை அளந்து பெரும்பேர் பெற்றுவரும் மாப்பிள்ளை விதெனிஸ் அவர்களுக்கு, உதெனா மகளிர் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளனும் உங்கள் மனைவியின் அண்ணனுமாகிய ஸ்கிர்மந்தாஸ் எழுதுவது. இவ்விடம் பனி இன்னும் உருகவில்லை என்பது தவிர யாவும் நலம். தங்கச்சி ஔத்ரோனேயும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் நலத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

நீங்கள் அனுப்பிவைத்த ஆராய்ச்சியாளர் ஜில்வினாஸ் எட்டுக் கேமராக்களோடும் ஓர் இரும்புப் பலகையோடும் எங்கள் உள்ளரங்கத்தில் வந்து இறங்கினார். பலகைமேல் குதித்தால் தரை நம்மை எவ்வளவு பலமாகத் திருப்பி உதைக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். நாற்பது வருஷமாகத் தரை என்னை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு நான் பலகை போட்டதில்லை. பிறகு பெண்களின் இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் பளபளக்கும் குட்டி உருண்டைகளை ஒட்டினார், வேர்வையில் பாதி உருண்டை கழன்று ஓடியது, அதைப் பொறுக்கவே அரை மணி நேரம் போச்சு, மிச்சத்தைக் கேமரா பார்த்தபோது என் கழுத்து விசிலும் சேர்ந்து பளபளத்ததால் எங்க ஆட்டக்காரி ருஸ்னேவுக்கு மூணாவதா ஒரு முட்டி இருக்குன்னு கம்ப்யூட்டர் எழுதிக்கிச்சு. விசிலைக் கழட்டுங்கன்னார். என்னை! நடுவுல கூட்டுற அம்மா வாளியோட பலகைமேல ஏறி நின்னதுல அந்த அளவும் யாரோ ஒரு பொண்ணு பேருல பதிவாகிப்போச்சு. சரி, எப்படிக் குதிக்கணும்னு நானே காட்டறேன்னு குதிச்சேன். பதினோரு சென்டிமீட்டர்னு வந்துச்சு. உங்க பலகை பழுது மாப்பிள்ளை.

அதெல்லாம் போகட்டும். ருஸ்னேவை உங்களுக்குத் தெரியும், பதினேழு வயசு, எங்க புள்ளியில பாதி அவ கையால வர்றது. ஓடி வருவா, இடது காலை ஊன்றுவா, சடார்னு பக்கவாட்டுல வெட்டித் திரும்புவா, தடுக்க நின்னவ காத்தைத் தடுத்துக்கிட்டு நிப்பா. அதைப் பாத்துட்டு உங்க ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தார்.

"கோச், இவங்க குதிச்சு இறங்கறப்ப முட்டி மடங்கல, விறைப்பா இறங்கறாங்க. வெட்டித் திரும்பறப்ப இடது முட்டி உள்பக்கமா சரியுது."

"சரிஞ்சா?"

"முட்டிக்குள்ள இருக்கற நார் அறுந்துடலாம். நாளைக்கோ அடுத்த வருஷமோ, சொல்ல முடியாது."

"சொல்ல முடியாததைச் சொல்றதுக்கா எட்டுக் கேமரா?"

ஒரு காகிதத்தை நீட்டினார். ஆறு மாசத்துக்கு மெதுவா இறங்கிப் பழகணும், தொடைக்குப் பின்பக்கம் பலம் ஏத்தணும், அதுவரை ஆட்டத்தைக் குறைக்கணுமாம். இறுதி ஆட்டத்துக்கு ரெண்டு வாரம் இருக்கு! அவர் எதிர்லயே கிழிச்சுப் போட்டேன். ருஸ்னே மட்டும் பின்னாடியே வந்தா.

"சார், அந்த நார் அறுந்தா சத்தம் கேக்குமா?"

"உன் வாய்ச் சத்தம்தான் கேக்குது. ஓடு, பத்துச் சுத்து."

ஆகவே மாப்பிள்ளை, இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை அலீதுஸ் அணியோடு நடக்கும் இறுதி ஆட்டத்தில் ருஸ்னே நாற்பது நிமிஷமும் ஆடுவாள் என்பதை இதன்மூலம் அறியவும். முட்டி ஆண்டவன் கொடுத்தது. அதை அவன் எந்தப் பக்கம் சாய்க்கிறான் என்று வேவு பார்ப்பது படித்தவர்களுக்கு அழகில்லை. பலகையையும் உருண்டைகளையும் இனி உங்கள் வீட்டுக் கூடத்தில் பரப்பி, என் தங்கச்சியின் வசவை அளந்துகொள்ளவும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உங்களுக்கும் ஆசி உண்டு, அளவோடு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஸ்கிர்மந்தாஸ்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று ஆட்டம் முடிந்தது. ருஸ்னேவை நாற்பது நிமிஷமும் பெஞ்சில் உட்காரவைத்தேன். பதிமூன்று புள்ளியில் தோற்றோம். மேயர் கை கொடுக்கவில்லை. அவள் அப்பா வாசலில் நின்று கேட்டதை எழுத முடியாது, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ருஸ்னே என்னோடு பேசுவதில்லை, ஆனால் இன்று காலை பயிற்சிக்கு வந்தாள். அந்தக் காகிதம் இன்னொன்று அனுப்பவும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். அது வரும்வரை எனக்குத் தெரிந்த அளவில் அவளை முக்காலியிலிருந்து முப்பது தடவை இறங்கச் சொன்னேன். நாலு தடவை முட்டி உள்ளே போனது. கேமரா இல்லாமலே பார்த்தேன்.